காரணம் இல்லாத சிரிப்பு

சிரிப்புதான் முதலில் உறுத்தியது.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு அது. கிடாரும் டிரம்ஸும் ஒரே அடியில் நின்றுவிட, பாடகர் மட்டும் தனியாக ஒரு வரியைப் பாட வேண்டிய இடம். 'வாசல்வரை வந்துவிட்டேன், விளக்கை அணைக்காதே' என்பது அந்த வரி. 'விளக்கை' என்ற சொல்லைப் பாதி பாடும்போது தொண்டைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு பீறிட்டு, மீதிப் பாதியையும் நனைத்துக்கொண்டு வெளியே வந்தது. உடனே கைதட்டல். பிறகு எல்லா வாத்தியங்களும் ஒன்றாக இறங்கின.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றிச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலால் மேஜைவிரிப்பில் கோடு போட்டிருந்தது. பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு அந்த இடத்தைக் கேட்டாள். சிரிப்பு இருந்தது. எதற்காகச் சிரித்தார் என்பதுதான் இல்லை.

அவளுக்குக் காரணம் தெரியும். அந்தக் கச்சேரியில் அவளும் இருந்தாள்.

பாடகரை ஊர் உலகமெல்லாம் 'துரும்பு' என்றுதான் கூப்பிட்டது. ஊதினால் பறந்துவிடும் உடம்பு. வாயைத் திறந்தால் கூரை பத்திரம் என்று சொல்ல முடியாது. ஒரு தலைமுறைக்கே ராக் அண்ட் ரோல் என்றால் துரும்புதான். மேடையில் பாடுவதைப் பதிவுசெய்ய அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "மேடையில பாடுறது வந்தவனுக்கு. வராதவனுக்கு எதுக்கு?" என்று கேட்பார். கடைசியில் ஒரே ஒரு தடவை என்னவோ இளகி, சரி என்றார். அந்தக் கச்சேரி நடந்த சில மாதங்களில் தூக்கத்திலேயே போய்விட்டார். இப்போது அந்தப் பதிவு ஆல்பமாக வருகிறது. கடைகளுக்குப் போகும் முன்பே விமர்சனத்துக்காக அவள் கைக்கு வந்துவிட்டது.

அன்று துரும்புக்குப் பின்னால் நின்று பேஸ் கிடார் வாசித்தவன் அவளுடைய அண்ணன். அரங்கின் கடைசியில் உட்கார்ந்து அதைப் பதிவுசெய்தவன் அவளுடைய கணவன். கணவனின் நாற்காலிக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள்.

நடந்தது இதுதான். துரும்பு தனியாக அந்த வரியைப் பாடும்போது, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய இடத்தில், அண்ணனின் பேஸ் கிடாரிலிருந்து தடித்த ஒற்றைச் சுரம் ஒன்று 'தொம்'மென்று விழுந்தது. எல்லோரும் தூங்கும் வீட்டில் அண்டா உருண்டது மாதிரி. துரும்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரங்கமும் சிரித்தது. வேறு யாராக இருந்தாலும் முறைத்திருப்பார்கள். துரும்பு மைக்கை அம்போவென்று விட்டுவிட்டு அண்ணனிடம் நடந்துபோய், அவன் முகத்துக்கு நேராகக் குனிந்து அதே வரியைத் திரும்பப் பாடினார். அதே இடத்தில் அண்ணன் மறுபடி 'தொம்' என்றான். அவர் கேட்க, இவன் பதில் சொன்னது போல இருந்தது. அரங்கம் வெடித்தது. அந்த வெடிப்பின் மேலேயே எல்லா வாத்தியங்களும் ஏறிக்கொண்டன.

அவள் வாழ்நாளில் கேட்டதிலேயே மிக அழகான தவறு அது. எத்தனையோ பேரிடம் அதைச் சொல்லியிருக்கிறாள். விருந்தாளிகள் வந்தால் அண்ணனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே சொல்வாள். அவன் தட்டைப் பார்த்தபடி சிரித்துக்கொண்டிருப்பான்.

இந்த ஆல்பத்தில் அந்தச் சுரம் இரண்டு தடவையும் இல்லை. அரங்கத்தின் சிரிப்பு போய், வேறு பாட்டுக்கு விழுந்த கைதட்டல் அங்கே வந்திருந்தது.

விமர்சனத்துக்கு இதை வாங்கும்போதே அவள் தயங்கினாள். அவள் எழுதும் செய்தித்தாளின் வார இணைப்பு ஆசிரியரிடம் நேராகவே சொல்லிப்பார்த்தாள்.

"சார், வாசிச்சது எங்க அண்ணன். பதிவு பண்ணது என் வீட்டுக்காரர். இதுக்குப் போய் நான் எழுதினா, எங்கம்மா சமையலுக்கு நானே மார்க் போட்ட மாதிரி இருக்கும்."

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "உங்கம்மா சமையலுக்கு நீ முட்டை மார்க் போட்டவம்மா. உன் அண்ணனையே அச்சுல கிழிச்சவ. ஊருக்கே தெரியும். அதனாலதான் நீ நல்லாருக்குன்னா நல்லாருக்குன்னு அர்த்தம். கம்பெனிக்காரங்களே உன் பேரச் சொல்லித்தான் கேட்டாங்க."

கிழித்தது உண்மைதான். அண்ணன் துரும்புடன் வாசித்த முதல் ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது, 'பேஸ் வாசிப்பவர் பஸ்ஸைத் தவறவிட்டவர் போலப் பாட்டுக்குப் பின்னால் ஓடிவருகிறார்' என்று எழுதியிருந்தாள். அண்ணன் அந்தப் பத்தியைக் கத்தரித்துச் சட்டம் போட்டு, குளியலறைக் கதவுக்கு மேல் மாட்டினான். அன்றிலிருந்து அவளுக்கு 'தராசு' என்று பேர். பிற்பாடு, அந்தப் பின்தங்கல்தான் அண்ணனின் வாசிப்பு என்பது அவளுக்குப் புரிந்தது. டிரம்ஸ் அடி விழுந்தபின் ஒரு மயிரிழை பொறுத்துத்தான் அவன் சுரம் வரும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிதானமாக உள்ளே வருகிறவனைப் போல. அதையும் எழுதினாள். ஆனால் அதைச் சட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது ஆல்பத்தை முதலிலிருந்து போட்டு, துரும்பின் குரலை மனத்தால் தள்ளிவைத்துவிட்டு, பேஸை மட்டும் பின்தொடர்ந்தாள். டிரம்ஸ் அடி விழும் இடத்திலேயே சுரமும் விழுந்தது. ஒவ்வொரு பாட்டிலும். செருப்போடு உள்ளே வந்துவிட்ட வாசிப்பு. இது அண்ணன் இல்லை.

யார் என்று தெரிந்துகொள்ள அதிக நேரம் ஆகவில்லை. நீண்ட சுரங்கள் முடியும் இடத்தில் விரலால் கம்பியை ஒரு சின்னத் தட்டு தட்டி அடக்குகிற பழக்கம் அந்த வாசிப்பில் இருந்தது. தண்ணீர்க் குழாயை மூடியபின் ஒரு தட்டு, அலமாரிக் கதவைச் சாத்தியபின் ஒரு தட்டு. பத்திரமாக மூடியாயிற்றா என்று பார்க்கிற தட்டு. அந்தத் தட்டை அவள் கல்யாணமான நாளிலிருந்து கணவனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள்; பேஸ் வாசிக்கத் தெரிந்தவன்தான் அவனும்.

மழைக்காலத்தில் கணவன் பின்னறையைச் சாத்திக்கொண்டு வாரக்கணக்கில் இந்தப் பதிவோடு மல்லுக்கட்டினான். சுவருக்கு இந்தப் பக்கம் பேஸ் சத்தம் மட்டும் வரும். கேட்டதற்கு, "ஒவ்வொரு டிராக்கா சுத்தம் பண்றேன்" என்றான். அந்த நாட்களில் அவன் இடதுகை விரல் நுனிகள் கொப்புளித்திருந்தன. "ஒயர் ஒட்டும்போது சால்டரிங் கம்பி சுட்டுடுச்சு" என்றான். அவள்தான் மருந்து போட்டாள். கொப்புளம் உடையக் கூடாதென்று பாத்திரங்களைக்கூடத் தானே தேய்த்தாள். நாலு விரலிலும் நுனியில் மட்டும் எப்படிச் சுடும் என்று கேட்கத் தோன்றவில்லை.

அவள் ஹெட்ஃபோனின் ஒயரைச் சுருட்டி முடித்தபோது வெளிக்கதவு திறந்து, மூடி, ஒரு தட்டு கேட்டது.

கணவன் மேஜையையும் ஆல்பத்தையும் அவள் முகத்தையும் பார்த்தான். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"கேட்டுட்டியா?"

"கேட்டேன். நல்லா வாசிச்சிருக்கீங்க."

அவன் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். அவள் காத்திருந்தாள். அவளால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசாமல் இருக்க முடியும் என்பது அவனுக்குத் தெரியும். இந்த வீட்டில் எப்போதும் தோற்பது அவன்தான்.

"ஒரு ரெக்கார்டுன்னா இதெல்லாம் சகஜம்" என்றான் கடைசியில். "எல்லாரும் பண்றதுதான். அங்கங்க கொஞ்சம் ஒட்டுப் போடுவோம்."

"இது ஒட்டு இல்லீங்க. சட்டையே வேற. அட்டையில மட்டும் எங்க அண்ணன் பேரு. அவனுக்கு இது தெரியுமா?"

"மச்சான்கிட்ட கேளு."

"நான் உங்களக் கேக்குறேன்."

"அவரையே கேளு. நான் சொல்றது நல்லாருக்காது." பையோடு பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இந்தத் தடவை தட்டு விழவில்லை.

மறுநாள் காலை அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். மாடிப்படி ஏறும்போது மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். கணவன் செய்தது துரோகம். அதை எப்படி அண்ணனின் மனம் நோகாமல் சொல்வது? அவனுக்கென்று இருக்கும் ஒரே மேடைப் பதிவு. 'அதுல நீ இல்லண்ணா' என்று எப்படிச் சொல்வது? துரும்பு போனதிலிருந்து அவன் கிடாரைத் தொடவில்லை. துக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் இருவரும் போனில் பேசுவதைவிடப் பேசாமல் இருப்பதே அதிகம். ஆளுக்கொரு முனையில் காதில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். சின்ன வயதில் ஒரே தலையணையில் தலைவைத்து ரேடியோ கேட்ட பழக்கம். "ரெண்டு பேரும் தவம் பண்றதுக்கு எதுக்கு ஒரு போன்?" என்று அண்ணி கேலி செய்வாள்.

கதவைத் திறந்தது அண்ணி. கையில் பாதி மடித்த துணி. "வாங்க. சொல்லாம வந்திருக்கீங்க, நல்ல சேதியா?" என்றவள், முகத்தைப் பார்த்ததும் துணியை மார்போடு அணைத்துக்கொண்டு வழிவிட்டாள்.

அண்ணன் சோபாவில் உட்கார்ந்திருந்தான். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்திருந்தான். இப்போதெல்லாம் அப்படித்தான் உட்காருகிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தராசு வந்தாச்சு. படிக்கல்லெல்லாம் எடுத்துட்டு வந்திருக்கியா?"

"ஆல்பம் கேட்டேன்ணா."

"மாப்ள சொல்லிட்டானா?"

அவள் நின்றபடியே இருந்தாள். "அவர் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் கண்டுபிடிச்சேன். உனக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? நான்தானே கேட்டேன் அவன. அவன் மாட்டேன்னுதான் சொன்னான். கையக் காலப் புடிச்சு ஒத்துக்க வெச்சேன்." கையைப் பற்றிப் பேசியதாலோ என்னவோ, தொடைக்கு அடியிலிருந்து வலது கையை எடுத்து மடியில் வைத்தான். ஆள்காட்டி விரல் தானாக ஒருதரம் துள்ளியது. கொஞ்சம் அடங்கி, மறுபடி துள்ளியது. அறையில் மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"அன்னிக்குத்தான் முதல் தடவ. மத்த பாட்டுலயும் அங்கங்க துள்ளிச்சு, சத்தத்துல யாருக்கும் கேக்கல, பதிவுல கேட்டுச்சு. நான் வாசிக்கல தராசு. விரலே வாசிச்சிருச்சு."

"ரெண்டாவது தடவ?"

"அதுவுந்தான்."

"இல்லண்ணா. அவர் வந்து நின்னு பாடினார், நீ வேணும்னே..."

"வேணும்னேன்னு நீ சொன்ன. வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொன்ன. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நானும் விட்டுட்டேன்." அவன் சிரித்தான். "அவர் என் மூஞ்சிக்கு நேரா நின்னு பாடுறார், நான் இந்த விரலப் பாத்து கும்புடுறேன், சும்மா இருடா சும்மா இருடான்னு. அது கேக்கல. அவ்வளவு பேரும் சிரிக்கிறாங்க. உனக்கு அது சங்கீதமா இருந்துச்சு."

அண்ணி துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "டாக்டர் நரம்புன்னு சொல்லிட்டார். மாத்திரை போயிட்டிருக்கு."

"எப்பலேருந்து?"

"கச்சேரி முடிஞ்சு கொஞ்ச நாள்லயே. உங்க வீட்டுக்காரர்தான் கூட்டிட்டுப் போனார்."

அவள் உட்கார்ந்தாள். கணவன் அந்த மாதங்களில் மாலையில் தாமதமாக வந்து, ஸ்டுடியோவில் வேலை என்று சொன்னதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"எனக்கு மட்டும் சொல்லல."

"உனக்குத் தெரிஞ்சா நீ என்னை வேற காதால கேப்ப" என்றான் அண்ணன். "பரிதாபப்படுற காது. அந்தக் காது எனக்கு வேண்டாம்னு தோணிச்சு."

"அப்ப கம்பெனிக்காரங்க என் பேரச் சொல்லிக் கேட்டது?"

அவன் ஜன்னலைப் பார்த்தான். கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அதுவும் நான்தான். கூட வாசிச்ச பயலுகளுக்கெல்லாம் சந்தேகம் வரும். என் கை எப்படின்னு அவனுங்களுக்குத் தெரியும். ஆனா நீ ஒரு வரி, 'அண்ணன் நல்லா வாசிச்சிருக்கான்'னு எழுதிட்டேன்னு வெய்யி, அப்புறம் எவனும் வாயத் திறக்க மாட்டான். தராசே சொல்லியாச்சுன்னு விட்டுருவான்."

"நான் கண்டுபிடிக்க மாட்டேன்னு நினைச்சிட்டியா?"

"சே, சே. உன் காதப் பத்தி எனக்குத் தெரியாதா?" அவன் முதல்தடவையாக அவளை நேராகப் பார்த்தான். "கண்டுபிடிச்சாலும் எழுத மாட்டேன்னு நினைச்சேன்."

அவள் நெடுநேரம் பேசாமல் இருந்தாள். அவனும் இருந்தான். வழக்கமாக அவர்களுக்குள் இருக்கிற மௌனம் இல்லை அது. தெருவில் வண்டி கிளம்பிப் போனது. அண்ணி காபி கொண்டுவந்து வைத்தாள். அதில் ஆடை படர்வதைப் பார்த்துவிட்டு அவள் எழுந்துகொண்டாள்.

வாசலில் அண்ணி மெதுவாகச் சொன்னாள். "ஒரே ஒரு வரிதானே கேக்குறார். எழுதிடுங்களேன். ஊர்ல எவ்வளவோ பொய் ஓடுது."

"அந்தப் பொய்ய அவங்க ரெண்டு பேருமே சொல்லிக்கலாம் அண்ணி. எனக்குத் தெரியாம என் வாயால எதுக்குச் சொல்ல வெச்சாங்க?"



அலுவலகத்தில் மாலைவரை அவள் ஒரு வரியும் எழுதவில்லை. உண்மையை எழுதினால் அண்ணனின் விரலை ஊருக்கு நடுவில் தூக்கிப்பிடித்துக் காட்டியது போல ஆகும். அவன் கேட்டதை எழுதினால், அவளிடம் சொந்தமென்று இருந்த ஒரே ஒரு சாமானும் போய்விடும். பணமோ அழகோ பெரிய படிப்போ அவளுக்கு இருந்ததில்லை; அவள் சொன்னால் அது உண்மை என்கிற ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் இரண்டு பேரும் கூடிப் பேசி, சாவி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களாக, அலமாரியைத் திறந்து எடுத்திருக்கிறார்கள். வெளியாள் யாராவது எடுத்திருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

கடைசியில் துரும்பின் குரலைப் பற்றி மட்டும் எழுதினாள். அது பொய்யில்லாத குரல். எழுத நிறைய இருந்தது. மேல் ஸ்தாயியில் அது கிழிகிற இடம், மூச்சு வாங்கும்போது மைக்கில் உரசும் சட்டைப் பொத்தான், எல்லாவற்றையும் எழுதினாள். முடிவில் இரண்டு வாக்கியம் சேர்த்தாள். 'கடைசிப் பாட்டில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அதன் காரணம் இந்த ஆல்பத்தில் இல்லை.'

ஆசிரியர் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உன் அண்ணனப் பத்தி ஒரு வார்த்தகூட இல்லையேம்மா. ஒண்ணு திட்டுவே, இல்ல பாராட்டுவே."

"அவன் வாசிச்சது எனக்குக் கேக்கல சார்."

அவர் பேனாவால் ஒரு காற்புள்ளியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அதைப் படித்தான். அவள் அடுப்படியில் நின்றபடி, பக்கம் புரளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிப் பத்திக்கு அவன் வந்துவிட்டது சத்தம் நின்றதிலிருந்து தெரிந்தது.

"அந்தச் சிரிப்ப எடுக்க முடியல" என்றான். ஏதோ வேலையில் குறை சொன்னவரிடம் விளக்குவது போல. "'விளக்கை'ங்கற சொல்லு மேலயே உக்காந்திருந்துச்சு. ரெண்டாவது தடவ அவர் மைக்க விட்டுப் போய்ட்டார், அது பதிவாகவே இல்ல. முதல் தடவ பாடினதத்தான் வெச்சாகணும்."

"தெரியும்" என்றாள் அவள். "முடிஞ்சிருந்தா அதையும் எடுத்திருப்பீங்க."

அவன் செய்தித்தாளை மடித்தான். மடித்து, விளிம்பை நீவி, அதன்மேல் ஒரு தட்டு தட்டப்போனவன் கையை நிறுத்திக்கொண்டான்.

போன் அடித்தது. அண்ணன் நம்பர். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய் எடுத்தாள்.

அந்தப் பக்கம் பேச்சில்லை. அவளும் பேசவில்லை. எப்போதும் போல மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, அதுவரை அவள் கேட்டிராத ஒன்று. அந்த முனையில் போனின் மேல் ஏதோ லேசாகப் படுகிற சத்தம். டொக். கொஞ்சம் அடங்கி, மறுபடி டொக். இத்தனை மாதங்களாக இடது கையில் போனைப் பிடித்து அவன் அவளிடமிருந்து மறைத்துவந்த சத்தம் இது. இன்றைக்கு வலது கையில் பிடித்திருக்கிறான்.

கணவன் நாற்காலியிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன சொல்றார்?" என்று உதட்டசைவில் கேட்டான்.

அவள் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்தில் இப்போது பதில் எதுவும் இல்லை, சங்கீதமும் இல்லை. வெறும் விரல். இதை அன்றைக்கே காட்டியிருக்கலாமே என்று கேட்க வாயெடுத்தாள்; கேட்கவில்லை.

எப்போதும் முதலில் போனை வைப்பது அண்ணன்தான். இன்றைக்கு அவள் வைத்தாள்.